சிடி பிளேயருக்கு டிஏசி பொட்டி மாட்டி 4 வருஷம் ஆச்சு, கீழக்கரை உப்புக்காத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்

இன்னும் யாருப்பா சிடி கேக்குறான்னு கேக்காதீங்க, எங்க வீட்டு அலமாரியில 200க்கு மேல கெடக்கு. காக்கா (எங்க ஊர்ல அண்ணன அப்படித்தான் கூப்பிடுவோம்) துபாய் போன புதுசுல ஒவ்வொரு லீவுக்கும் பால் பவுடருக்கும் டைகர் பாமுக்கும் நடுவுல சட்டையில சுத்தி நாலஞ்சு சிடி கொண்டாருவாரு, 98ல ஒரு பிளேயரும் தூக்கிட்டு வந்தாரு, அதுதான் இன்னைக்கும் ஓடுது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ராம்நாட்ல ஒரு மெக்கானிக் அசெம்பிள் பண்ணிக் குடுத்தது. ஸ்பீக்கர் பழசு, அத விடுங்க.

கொஞ்ச வருஷமாவே சத்தம் செத்துப் போச்சு. போர்வைக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கும், பின்னாடி லேசா ஒரு ர்ர்ர். பிளேயர் கெழண்டுருச்சுன்னு முடிவு பண்ணி வெளிய மாட்டுற டிஏசி பொட்டி ஒன்னு ஆன்லைன்ல வாங்குனேன், 9 ஆயிரத்துச் சொச்சம். தெரியாதவங்களுக்கு: சிடில பாட்டுன்னு ஒன்னும் கெடையாது, வெறும் நம்பர்தான், ஒரு செகண்டுக்கு 44,100 தடவ அளந்து ஒவ்வொன்னையும் 16 பிட்டுல எழுதி வச்சிருக்கான். அத திரும்ப கரெண்டா மாத்தி ஆம்புக்கு அனுப்புற வேலைய பிளேயருக்குள்ள ஒரு சிப்பு செய்யுது, அதுக்குப் பேருதான் டிஏசி, அந்த வேலைய வெளிய இருக்குற பொட்டிகிட்ட குடுத்துட்டா பிளேயர் படிச்சுச் சொன்னா மட்டும் போதும். ஆனா பிளேயர் முதுகுல ஆப்டிக்கலோ (வெளிச்சத்துல அனுப்புறது) கோஆக்ஸியலோ (செம்பு ஒயர்ல அனுப்புறது) டிஜிட்டல் அவுட் இருக்கணும், இல்லேன்னா பொட்டி வாங்கி அலமாரி மேல அழகுக்குத்தான் வைக்கணும். முதல்ல டார்ச் அடிச்சுப் பாத்துருங்க.

மாட்டுன அன்னைக்கு ஒரு கூத்து. எல்லாம் சொருகியாச்சு, சத்தமே இல்ல. ஒரு மணி நேரம் அத இத ஆட்டிப் பாத்து, கடைக்காரன ஏசி, ரிட்டர்ன் போடலாம்னு ஒயர உருவுனா அதோட முனையில கண்ணாடி மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி. அத கழட்டவே இல்ல நான்! கழட்டிட்டு ஒயர் முனைய உள்ளங்கைல பிடிச்சா மருதாணிப் பொட்டு மாதிரி செவப்பா வெளிச்சம் விழுந்துச்சு, அந்த வெளிச்சத்துலதான் பாட்டே போவுதுன்னு நெனைக்கைல சின்னப்புள்ள மாதிரி சிரிச்சுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் ஒரு தப்ஸ் (தோல் கட்டுன கை மேளம்) பாட்டு சிடி போட்டேன். விரல் தோல்ல பட்டு, உடனே இன்னொரு கை அத அமுக்குது பாருங்க, அந்த அமுக்குற சத்தம் வரைக்கும் கேட்டுச்சு. காசு கொடுத்தது வீண் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், ரெண்டு பேர் எம்பேச்சக் கேட்டு வாங்கவும் செஞ்சாங்க.

எட்டு மாசம். கச்சான் காத்து, அதான் மேக்கால இருந்து அடிக்கிறது, ஆரம்பிச்சு எங்க தெருவுல ஜன்னல் கம்பியெல்லாம் பிசுபிசுன்னு ஆவுற நேரம், திடீர்னு இடது பக்க ஸ்பீக்கர் வர்றதும் போறதுமா இருந்துச்சு, கூடவே அதே பழைய ர்ர்ர். புதுப் பொட்டியும் போச்சான்னு வயிறு எரிஞ்சு ஆம்பு முதுகுல சொருகியிருந்த ஒயர் பின்ன உருவுனேன். பச்சக் களிம்பு. பித்தளச் சொம்ப புளி போட்டுத் தேய்க்காம விட்டா வருமே அதே களிம்பு, பின்னச் சுத்தி வளையத்துல படிஞ்சிருக்கு. தீக்குச்சில பஞ்ச சுத்தி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனச்சு சுத்திச் சுத்தித் தொடச்சேன், பஞ்சு பச்சையா வந்துச்சு, அடுத்த பஞ்சு கொஞ்சம் கம்மி, நாலாவது பஞ்சுலதான் வெள்ளையா வந்துச்சு. (பிளக்க உருவி வச்சிட்டு செய்யுங்க, நெருப்புப் பக்கம் வேணாம்.) மாட்டுனா ர்ர்ர் சுத்தமா இல்ல. அந்த வெளி வளையந்தான் ஒயரோட எர்த் பக்கம், அது சரியா ஒட்டலேன்னா கரெண்டு இரைச்சல் உள்ள பூந்துரும்.

அப்பதான் மண்டைல ஒறைச்சுச்சு, பிளேயரோட சொந்த ஜாக்க 98ல இருந்து ஒரு தடவகூட தொடச்சதே இல்லையே! அதையும் தொடச்சேன், லென்ஸுக்கு மேல இருந்த மங்கல பட்ஸால மெல்ல எடுத்தேன், பிளேயர பொட்டி இல்லாம நேரடியா ஆம்புல கொடுத்தேன். போர்வை போயிருச்சுங்க. பொட்டி செஞ்ச அதிசயம்னு நெனச்சதுல முக்கால்வாசி, களிம்பு செஞ்ச அநியாயம் வெலகுனதுதான்.

சும்மா சொல்லக் கூடாதுன்னு லாத்தா (அக்கா) மகன உக்கார வச்சு டெஸ்ட் பண்ணேன், அவன் முதுகக் காட்டி உக்காந்துகிட்டான், நான் பொட்டி, நேரடி ரெண்டையும் மாத்தி மாத்தி விட்டேன். முதல்ல எல்லாத்தையும் கரெக்டா சொன்னான். அப்புறம் பாத்தா பொட்டி வழியா சத்தம் கொஞ்சம் கூடுதலா வருது, கூடுதலா வந்தா காதுக்கு எப்பவும் நல்லதாத்தான் படும். வால்யூம சமமா வச்சு திரும்ப 10 தடவ விட்டேன், 6 தடவ சரி. குருட்டாம்போக்குல சொன்னாலே 5 வரும். ஹெட்போன்ல மட்டும் பாட்டு அமைதியாவுற எடத்துல நேரடில லேசா உஸ்ஸுனு இருக்கும், பொட்டில அது இல்ல. இவ்வளவுதான் வித்தியாசம், 9 ஆயிரத்துக்கு.

அதுக்காக பொட்டி தண்டம்னு சொல்ல மாட்டேன். டிவியையும் அதுலயே மாட்டிட்டேன், இப்ப நியூஸ் வாசிக்கிறதுகூட தெளிவா இருக்கு, உம்மாக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. ரெண்டாவது வருஷம் ஒரு இடிக்கு அதோட அடாப்டர் போச்சு, வித்தவங்க கைய விரிச்சிட்டாங்க. வீட்ல கெடந்த மலிவு போன் சார்ஜர போட்டா ஓடுது, ஆனா கீச்சுன்னு கொசு மாதிரி ஒரு சத்தம், ஒரு நல்ல 5 வோல்ட் அடாப்டர் வாங்குன பொறவுதான் நின்னுச்சு.

மச்சான் ஒருத்தர் சிடி ஓரத்துல பச்ச மார்க்கர் பூசுனா சத்தம் தெளியும்னு பேனாவோட வந்தாரு. ஒரே பாட்டு ரெண்டு சிடில இருந்துச்சு, ஒன்னுல பூசுனோம். ஒன்னும் இல்ல. நம்பர் சரியா வாசிச்சாச்சுன்னா அதுக்கு மேல சரியா எப்படி வாசிக்கிறது? டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

உருப்படியானது சிடிய தொடைக்கிற விதம். வட்டமா தொடைக்காதீங்க, நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா இழுங்க. குறுக்க விழுற கீறல பிளேயர் தானா கணக்குப் போட்டு நிரப்பிக்கும், ஒரே வரிசையா ரெண்டரை மில்லிமீட்டர் தூரத்துக்கு நம்பர் அழிஞ்சு போனாக்கூட சமாளிக்கும், ஆனா பாட்டு ஓடுற தடத்தோடயே நீளமா கீறல் போனா திக்கும். அதவிட பேரு எழுதியிருக்குற மேல் பக்கம் ஜாக்கிரத, அலுமினியப் பூச்சு அந்தப் பக்கந்தான், அதுக்கு மேல மெல்லிசா வார்னிஷ் மட்டும். அங்க கீறுனா போனது போனதுதான். அப்படி மூணு சிடி எங்கிட்ட வெறும் தட்டா கெடக்கு.

இப்ப கச்சான் ஆரம்பத்துல ஒருக்கா, வாடை முடியைல ஒருக்கா எல்லாப் பின்னையும் உருவித் தொடைக்கிறேன். போன வாரம் காக்கா போன்ல, "தம்பி, வரைல புது டிஏசி எதும் வேணுமாடா"ன்னு கேட்டாரு. "அதெல்லாம் வேணாம் காக்கா, செருப்பு டப்பால ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட்டு வருமே, அத மட்டும் தூக்கிப் போடாம சேத்து வைங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "எத்தன?"ன்னாரு.