ரீஸ்டார்ட் அறிவிப்பை நிறுத்தித் தருகிறேன் என்று 4,800 வாங்கிக்கொண்டார்கள்: ரிமோட் சர்வீஸுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் விடாமல் வந்துகொண்டிருந்த ஒரு ரீஸ்டார்ட் அறிவிப்பைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி என்னிடம் 4,800 வாங்கினார்கள். சரிசெய்யவில்லை. அது என் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. முன்பணம் கட்டினால் ஒரு டெக்னீஷியன் எங்கிருந்தோ நம் கம்ப்யூட்டருக்குள் வந்து வேலை பார்ப்பாரே, அந்த வகை இணையதளம். இப்படி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் சான்றிதழ் படமும் ஐந்து நட்சத்திரமும் இருக்கும்.

பிரச்சினை இதுதான். அப்டேட்டை முடிக்க ரீஸ்டார்ட் செய்யவும் என்று விண்டோஸ் அறிவிப்பு வரும். ரீஸ்டார்ட் செய்வேன். கொஞ்ச நேரத்தில் அதே அறிவிப்பு மறுபடி வந்து நிற்கும். வேலைக்கு நடுவில், வீடியோ கால் நடுவில், எப்போது வேண்டுமானாலும் வரும். முடிக்க வேண்டிய அப்டேட் என்று எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

டெக்னீஷியன் இணைந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "சார், நீங்க ஷட் டவுன் குடுத்து ஆன் பண்றீங்களா, இல்ல ரீஸ்டார்ட்டே குடுக்கறீங்களா?" என்றார். ரீஸ்டார்ட்தான் என்றேன். உடனே பொறுமையாக விளக்கினார். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது சிஸ்டத்தின் உள்பகுதி முழுசாக அணைவதில்லை. அதை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஆன் செய்யும்போது அங்கிருந்தே தொடரும். அதனால் பாதியில் நிற்கும் அப்டேட் வேலை ஷட் டவுனில் முடியாது, ரீஸ்டார்ட்டில்தான் முடியும். சொன்னது அத்தனையும் உண்மை. இப்போது விசாரித்துப் பார்த்தும் உண்மைதான். இவ்வளவு தெரிந்த மனிதர் ஏமாற்ற மாட்டார் என்று யாருக்குத்தான் தோன்றாது? அந்த ஒரு நல்ல விளக்கத்தை முன்னால் வைத்துத்தான் பின்னால் வந்த பொய் எல்லாவற்றையும் விற்றார்கள்.

அடுத்து மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் பட்டியலைக் காட்டும் ஈவன்ட் வியூவர் திறந்தது. சிவப்பு வட்டங்களும் மஞ்சள் முக்கோணங்களும் வரிசையாக ஓடின. மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டே போனார், நான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று. "பாருங்க சார், எத்தனை எரர். சிஸ்டம் ஃபைல் நிறைய டேமேஜ். இப்படியே விட்டா டேட்டா போயிடும்." பரிசோதனைக்கு என்று முதலிலேயே 1,300 கட்டியிருந்தேன். இப்போது ஒரு வருடப் பாதுகாப்புத் திட்டம் எடுத்தால்தான் ரிப்பேர் என்று இன்னொரு 3,500. மொத்தம் 4,800. பணம் போன பிறகு திரையில் கறுப்பு ஜன்னல்கள் சில வந்து போயின. ஒரு செட்டிங்ஸ் பக்கம் திறந்து மூடியது. "ஓகே சார், இனிமே வராது. ரேட்டிங் மட்டும் இப்பவே குடுத்துடுங்க, நான் லைன்ல இருக்கேன்" என்றார்.

அறிவிப்பு உண்மையிலேயே வரவில்லை. ஆனால் ஸ்டார்ட் மெனுவில் பவர் பட்டனை அழுத்தினால் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' அப்படியே இருந்தது. புதிதாக ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யப் போனால், முந்தைய வேலை ஒன்று ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறது, அதை முடித்துவிட்டு வா என்று மறுத்துவிட்டது.

உதவி சாட்டில் கேட்டேன். உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டுவிட்டது என்று பதில். தீரவில்லை என்று படம் எடுத்து அனுப்பினேன். நீங்கள் சொன்ன பிரச்சினை அறிவிப்பு வருவது, இப்போது வரவில்லை, இன்ஸ்டால் ஆகாதது வேறு பிரச்சினை, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அப்படியானால் ஒரு வருடப் பாதுகாப்பு எதற்கு? அது வைரஸுக்கு மட்டுமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டால், சேவையைப் பயன்படுத்திவிட்டீர்கள், திருப்ப முடியாது. போனில் பிடித்தால் மேலதிகாரி அழைப்பார் என்கிறார்கள். யாரும் அழைக்கவில்லை. நான் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தையே எனக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

கடைசியில் அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து ஒரு ஸ்விட்சைக் காட்டினான். ரீஸ்டார்ட் தேவைப்படும்போது எனக்குத் தெரிவி என்ற ஸ்விட்ச். அது ஆஃபில் இருந்தது. "மாமா, அவங்க பண்ணினது இது ஒண்ணுதான்" என்றான். சொட்டுகிற குழாயைச் சரிசெய்யாமல், சத்தம் கேட்காதபடி அடியில் துணியைப் போட்ட கதை. அதற்கு 4,800.

அப்புறம் அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தான். டெக்னீஷியன் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம் அது. டிரைவர் (பிரின்டர் போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருள்) அப்டேட் பகுதியில் ஒரே பிரின்டரின் பெயர், தேதி மட்டும் மாறி, வரிசையாக மேலிருந்து கீழ் வரை இருந்தது. அந்தப் பிரின்டர் வீட்டை விட்டுப் போய் எவ்வளவோ நாளாகிறது. டிரைவர் வந்து இறங்கும், ரீஸ்டார்ட் கேட்கும், ரீஸ்டார்ட்டில் முழுமையாக முடியாது, மறுபடி வந்து இறங்கும். இதுதான் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது. பிரின்டர் பட்டியலிலிருந்து அந்தப் பழைய பிரின்டரை நீக்கினான். பிரின்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய், டிரைவரையும் அதன் பேக்கேஜையும் சேர்த்து நீக்கினான். ரீஸ்டார்ட். ஸ்விட்சை மறுபடி ஆன் செய்தான். அறிவிப்பு வரவில்லை, பவர் மெனுவும் சுத்தம், மென்பொருளும் இன்ஸ்டால் ஆனது. டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை!

அந்தச் சிவப்பு வட்டங்களைப் பற்றியும் கேட்டேன். நன்றாக ஓடும் எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஈவன்ட் வியூவரில் எரர்கள் இருக்கத்தான் செய்யும் என்றான். தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினான், அதிலும் வரிசையாக இருந்தன.

உங்களுக்கும் இப்படி அறிவிப்பு வந்தால் முதலில் அப்டேட் ஹிஸ்டரியைப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப இருந்தால் குற்றவாளி அதுதான். அங்கே எதுவும் இல்லையென்றால், ஏதாவது ஒரு மென்பொருள் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் இந்த ஃபைலை அடுத்த ரீஸ்டார்ட்டில் அழி என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேர்த்து வைக்கும் இடம்) குறிப்பு எழுதிக்கொண்டிருக்கலாம். 'பென்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்' என்ற பெயரில் இருக்கும். கை வைக்கத் தேவையில்லை, அதில் எந்த மென்பொருளின் பெயர் வருகிறது என்று பார்த்தாலே போதும்.

ஈவன்ட் வியூவரைத் திறந்து பயமுறுத்தினால் அந்த நிமிடமே இணைப்பைத் துண்டியுங்கள். இணைப்பில் இருக்கும்போது எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்டாதீர்கள். சரியாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால் உங்கள் கண் முன் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, பவர் மெனுவைப் பாருங்கள். அதற்கு முன் ரேட்டிங் கொடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கை என்று திரையில் போன் நம்பரோடு ஏதாவது வந்தால் அது பொய், அவர்கள் நம்பர் போடுவதில்லை.

இணைப்புக்காகப் போட வைத்த ரிமோட் மென்பொருளை வேலை முடிந்த உடனே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். என் கம்ப்யூட்டரில் அதை நிரந்தர பாஸ்வேர்டோடு, ஆன் செய்ததும் தானாக ஓடும்படி விட்டுப் போயிருந்தார்கள். 4,800 வாங்கி, வேலை முடிந்தது என்று எழுதி, புகாரையும் மூடிய பிறகு என் கம்ப்யூட்டருக்குள் வர அவர்களுக்கு என்ன வேலை?