மல்லாக்கவா, குப்புறவா?

"ஏனுங்க டாக்டர், அப்பாவக் குப்புறப் போட்டிருக்கீங்களே, மூச்சு முட்டாதுங்களா?"

ஏற்காட்டிலிருந்து ஆளை இறக்கிக்கொண்டு சேலத்து ஐசியூ வாசலில் நிற்கும் மகன்கள் கேட்பது இது. நியாயமான கேள்விதான். கைக்குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்று சொல்வதும் நாங்கள்தானே!

நுரையீரல் கடுமையாகப் பழுதாகி (ஏஆர்டிஎஸ்) வென்டிலேட்டரில் இருப்பவர்களைத்தான் இப்படிக் கவிழ்க்கிறோம். மல்லாக்கப் படுத்தால், நீர் கோத்துக் கனத்த நுரையீரலின் முதுகுப்பக்கம் நசுங்குகிறது. மேலே இதயம் அழுத்துகிறது, கீழேயிருந்து வயிறு நெட்டித் தள்ளுகிறது. ரத்தம் அதிகம் ஓடுவதும் அந்தப் பக்கம்தான். காற்றே எட்டாத இடத்தைச் சுற்றிவிட்டு அது வெறுங்கையோடு திரும்புகிறது. கவிழ்த்தால் முதுகுப்பக்கம் விரிகிறது. ரத்தமோ பெரும்பாலும் பழைய தடத்திலேயே ஓடுகிறது. தமனி ரத்தத்தைச் சோதிக்கும் ஏபிஜியில் ஆக்சிஜன் ஏறுவது இதனால்தான்.

ஆனால் அந்த எண் எங்களையே ஏமாற்றியிருக்கிறது. 2001இல் வெளியான இத்தாலிய ஆய்வில் நாளுக்குச் சராசரி 7 மணி நேரம் கவிழ்த்தார்கள். ஆக்சிஜன் ஏறியது, இறப்பு குறையவில்லை. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 466 பேர். எல்லோரும் பிஎஃப் விகிதம் (ரத்தத்தில் ஏறிய ஆக்சிஜனை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்த எண்; குறையக் குறைய நிலை மோசம்) 150க்குக் கீழே இருந்தவர்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம், அதோடு வென்டிலேட்டரில் கிலோவுக்கு 6 மில்லி என்று சிறிய மூச்சு. 28 நாளில் மல்லாக்க இருந்தவர்களில் 32.8 சதவீதம் இறந்தார்கள், கவிழ்ந்திருந்தவர்களில் 16 சதவீதம். ஆக்சிஜன் பெரிதாக ஏறாதவர்களுக்கும் பலன் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். காற்று ஒரே மூலையை ஊதிக் கிழிக்காமல் பரவலாகப் போகிறது. வென்டிலேட்டரே செய்யும் காயம் குறைகிறது. "ஏபிஜி மாறலையே, திருப்பிடலாமா" என்று 4 மணி நேரத்தில் கேட்கும் ஜூனியர்களிடம் நான் சிடுசிடுப்பது அதனால்தான்.

மூச்சோடு கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் ஆக்சிஜன் எண்ணை ஏற்றும். உயிரைக் காத்ததாக நிரூபணம் இல்லை. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரம்? 2018 ஆய்வில் 60 நாளில் எக்மோ போட்டவர்களில் 35 சதவீதம் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 46 சதவீதம். புள்ளியியல் அதை உறுதியான வெற்றியாக ஏற்கவில்லை. செலவோ வீட்டை விற்க வைக்கும். கவிழ்க்கத் தேவை தலையணைகளும் ஐந்து பேரும்.

அந்த ஐந்து பேர்தான் சிக்கல். அதிகாலை 3 மணிக்கு ஒருவர் மூச்சுக்குழாய்க்குள் போகும் ட்யூபை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ட்யூப் அடைத்துக்கொள்ளலாம், கன்னத்திலும் நெற்றியிலும் புண் வரலாம், கண்ணை மூடி ஒட்ட வேண்டும், தலையையும் கையையும் அடிக்கடி மாற்ற வேண்டும். முதுகெலும்பு முறிந்து உறுதியில்லாமல் இருப்பவரைக் கவிழ்க்கவே கூடாது.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் ஆக்சிஜன் எண்ணும் குறைவாகத்தான் காட்டும். அங்கே எடுத்த எண்ணை வைத்துக் கவிழ்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கியபின் ஏபிஜியைத் திரும்ப எடுக்க வேண்டும்.

அந்த மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "நாளைக்குத் திருப்பிப் போடறப்ப அப்பா மூஞ்சி நல்லா வீங்கியிருக்கும் தம்பி, பயந்துக்காதீங்க. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்."