ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: 22 வருடம் ஆடியும் தேறாதவனின் அனுபவம்

நான் சேர்ந்தபோது, ரேங்க்டு ஆட்டத்துக்குப் (இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு புள்ளிக்காக ஆடுவது) புதிதாக வருபவரை 1000 புள்ளியில் தொடங்க வைத்தார்கள். ஐந்து வருடம் விடாமல் ஆடி இன்று 940-ல் நிற்கிறேன். ஜெயிப்பதற்கு டிப்ஸ் தேடி வந்தவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் கட்டி, படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி ஆட்டத்தை 2003-லிருந்து (நடுவில் பல வருட இடைவெளியோடு) ஆடிக்கொண்டிருப்பவன், இன்னும் பன்றியிடம் ஆளைச் சாகக் கொடுப்பவன் எழுதுகிற ரிவ்யூ இது.

எங்கள் தலைமுறைக்கு எல்லாம் டிவி கேமில் தொடங்கியதுதான். கேட்ரிட்ஜை ஊதி ஊதிச் சொருகினோம், கான்ட்ராவில் உயிர் போனதற்கு அண்ணன் தம்பிக்குள் அடித்துக்கொண்டோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் ஹாஸ்டலுக்கு வருகிறேன்.

டல்லாஸில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இந்த ஆட்டத்தை 1999-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. தி கான்கரர்ஸ் என்ற விரிவாக்கம் (ஆட்டத்தோடு சேரும் கூடுதல் பகுதி) 2000-ல் வந்தது. எங்கள் எஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டலுக்கு அது வந்து சேர்ந்தது மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய 50 ரூபாய் சிடியாக. (அந்தப் பாவத்துக்குப் பின்னாளில் காசு கொடுத்தே வாங்கிப் பரிகாரம் செய்துவிட்டேன்.) ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, எட்டுக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றில் சொருகினால் எட்டுப் பேர் ஆடலாம். ஸ்விட்ச் இருந்த அறை 214. அந்த அறைக்காரனுக்கு இன்றுவரை எங்களிடையே பெயரே 214தான்.

இந்த ஆட்டத்தின் உள்வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கில் ஆடும்போது ஒவ்வொரு கணினியும் முழுப் போரையும் தானே கணக்குப் போட்டு நடத்துகிறது. ஒயர் வழியாகப் போவது "இந்த ஆளை அங்கே போகச் சொன்னான்" என்கிற கட்டளைகள் மட்டுமே. நூற்றுக்கணக்கான வீரர்களின் நிலையை நொடிக்கு நொடி அனுப்ப அன்றைய டயல்-அப் இணைப்பு தாங்காது என்பதால் செய்த ஏற்பாடு. எல்லாக் கணினியும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும், ஆகவே எவனுடைய மெஷின் மெதுவோ அதன் வேகத்தில்தான் எட்டுப் பேருக்கும் ஆட்டம் ஓடும். 214-இடம் இருந்தது 128 எம்.பி. ராம். படைகள் மோத ஆரம்பித்ததும் குதிரைகள் தண்ணீருக்குள் ஓடுவதுபோல நகரும். "டேய் 214, ஏதாச்சும் மூடித் தொலைடா" என்று மாடி முழுக்கச் சத்தம் கேட்கும். அவனைக் கழற்றிவிடவும் வழியில்லை, ஸ்விட்ச் அவனுடையது.

பன்றிக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்கும்போது கையில் மூன்று கிராமத்தார், வேவு பார்க்க ஒரு ஸ்கவுட், ஊரின் மையக் கட்டடமாக ஒரு டவுன் சென்டர். ஆடுகள் தீரும் நேரத்தில் ஒருவனைக் காட்டுப்பன்றியிடம் அனுப்பி, ஒரு அம்பு விட்டு, அது துரத்த ஆரம்பித்ததும் அவனைத் திருப்பி டவுன் சென்டருக்கு ஓடவிட வேண்டும். அங்கே காத்திருக்கும் மற்றவர்கள் சேர்ந்து அடித்தால் 340 உணவு. கிராமத்தானுக்கு உயிர் 25தான். 50 தங்கம் செலவழித்து லூம் என்ற மேம்பாட்டைப் போட்டால் 40. நான் அம்பு விட்டுவிட்டு, அடுத்த வீட்டை எங்கே கட்டலாம் என்று ஒரு நொடி வேறு பக்கம் பார்ப்பேன். திரும்பி வந்தால் புல்லில் ஒரு பிணம், பக்கத்தில் பன்றி சும்மா நின்றுகொண்டிருக்கும். 2003-லும் இதுதான், போன செவ்வாய்க்கிழமையும் இதுதான்.

இந்தக் கூட்டத்துக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. சாட்டில் எண்ணை அடித்தால் பதிவு செய்த ஒரு குரல் கேட்கும். 11 என்றால் சிரிப்பு, 14 என்றால் "சீக்கிரம் ஆட்டத்தை ஆரம்பிங்கய்யா" என்கிற பாணியில் ஆங்கிலத்தில் ஒரு சலிப்பு. உலகம் முழுக்க இந்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு வெளியேயும் சிரிப்புக்கு 11 என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் மனைவி என் போனைப் பார்த்துவிட்டு, "உங்க ஃப்ரெண்டு பையனுக்கு மொட்டை போட்ட போட்டோவுக்கு ஏன் ஆறு பேர் 11னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

2007-ல் ஆளுக்கொரு ஊருக்குப் போனோம். 2009 தொடக்கத்தில் என்செம்பிளையே மூடிவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் ஆட்டம் அதோடு செத்திருக்க வேண்டும். ஆனால் ரசிகர்கள் சிலர் அவர்களாகவே சேர்ந்து புதிய நாகரிகங்கள் (ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் இனங்கள்), புதிய வரைபடங்கள் எல்லாம் செய்து 2012-ல் இலவசமாக வெளியிட்டார்கள். அடுத்த வருடம் அதுவே தி ஃபர்காட்டன் என்று அதிகாரபூர்வ விரிவாக்கமானது. டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற இன்றைய மறுபதிப்பை உருவாக்கியதும் அந்த ரசிகர் குழுவிலிருந்து வளர்ந்த ஃபர்காட்டன் எம்பயர்ஸ்தான். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலை, கடன், குழந்தை.

2020 ஊரடங்கில் 214-இடமிருந்து ஒரு வரி வந்தது: "ஏஜ் புதுசு வந்திருக்கு, வரியா?" வாங்கினேன். ரேங்க்டு ஆட வேண்டுமென்றால் முதலில் கணினிக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள், அதிலும் 1000 எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். மெதுவான மெஷின் எல்லாரையும் இழுக்கும் என்கிற பழைய கதைதான். என் லேப்டாப் ஃபெயில். ஆறு மாதம் கழித்து வேறு வாங்கினேன், ஆபீஸ் வேலைக்கு என்று வீட்டில் சொல்லி.

எனக்கு மிகவும் பிடித்த வசதி வயல். 1999 பதிப்பில் ஒவ்வொரு வயலும் தீர்ந்து போகும்போது நாமே தேடிப் போய் மறுபடி விதைக்க வேண்டும். சண்டை மும்முரமாக இருக்கும், ஊரில் பதினைந்து பேர் வயலில் சும்மா நிற்பார்கள். இப்போது ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், கையிருப்பில் மரம் இருக்கும்வரை தானாக விதைத்துக்கொள்கிறது. பிடிக்காதது நாகரிகங்களின் எண்ணிக்கை. 13-ல் தொடங்கியது 40-ஐத் தாண்டிவிட்டது. யாருக்கு எந்தப் படை உண்டு என்று நினைவு வைத்துக்கொள்ள இந்த வயதில் முடியவில்லை.

புள்ளி முறையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. தோற்கத் தோற்கக் கீழே இறக்கி நம்மைப் போன்ற இன்னொருவனோடு கோத்துவிடும். அதனால் 940-லும் பாதி ஆட்டம் ஜெயிக்கிறேன், எதிராளிக்கும் பன்றியிடம் ஆள் சாகிறது. முன்பின் தெரியாதவர்களோடு கூட்டணி சேர்வதுதான் தலைவலி. பத்தாவது நிமிடத்தில் நம் ஊர் இடிந்தால் கூட்டாளி வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டு வெளியே போய்விடுவான். மியூட் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். வலது மணிக்கட்டு வலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அது 38 வயதுக்கு மேல் வரும் விரிவாக்கம்.

ஏப்ரல் 2022-ல் டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா வந்தது. திராவிடர் என்றொரு நாகரிகம், ராஜேந்திர சோழனுக்கு ஐந்து பாகக் கதைத் தொடர், சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்றொரு போர்க்கப்பல். திரிசடை என்றால் எனக்கு அசோகவனத்தில் சீதைக்குத் துணையிருந்தவள்தான் நினைவுக்கு வருகிறாள், கப்பல் நினைவுக்கு வரச் சில மாதம் ஆனது. குதிரை வீரர்களில் நைட் வகையே இவர்களுக்குக் கிடையாது, என்னைப் போல அதை மட்டுமே நம்பிப் பிழைத்தவனுக்கு அது பெரிய அடி. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நாகரிகத்தாரும் அவரவர் மொழியில்தான் பதில் சொல்வார்கள். பத்தொன்பது வருடம் ஏதேதோ மொழிகளைக் கேட்டவன், ஹெட்போனில் ஒரு கிராமத்தானைக் கிளிக் செய்ததும் தமிழ் கேட்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். மகளைக் கூப்பிட்டு ஒரு காதில் வைத்தேன். "யாருப்பா இது, தாத்தா மாதிரி பேசுறாரு?" என்றாள். அவள் அவனைப் பத்து முறை கிளிக் செய்து கேட்டாள். அதற்குள் இன்னொருவனைப் பன்றி முடித்துவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை. எங்களில் ஒருவன் இருக்கும் தோஹாவில் எட்டு. எங்களுக்குள் ரேங்க்டு கிடையாது, நாங்கள் மட்டும் கூடும் தனி லாபிதான், ஏனென்றால் 214-இன் லேப்டாப் அந்தப் பரீட்சையில் இன்னும் பாஸாகவில்லை. ஐந்து பேர் ரெடி கொடுத்துவிட்டோம். அவன் மட்டும் பாக்கி, பையனைத் தூங்கவைத்துவிட்டு வருகிறேன் என்று போனவன் அரை மணி நேரமாகக் காணோம். பெங்களூர்க்காரன் சாட்டில் 14 அடித்துவிட்டான். பதில் இல்லை. நானும் ஒரு 14 அடித்துவிட்டுத்தான் இதை எழுதி முடிக்கிறேன்.