டிசைன் பதிந்து தருகிறேன் என்று காசு வாங்கும் ஆள்: பட்டறைக்காரர் கவனம்

வன்னியில் பட்டறை வைத்திருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

மாங்குளத்தில் எங்களுடையது சின்ன வெல்டிங் பட்டறை. வடலி ஓலை விரிந்து நிற்கிற மாதிரிக் கம்பியை வளைத்து, நடு நரம்புக்குத் தகடு வைத்து ஒரு கேற் செய்தோம். தம்பி கீறின டிசைன். படத்தை முகநூலில் போட்டதும் ஓடர் வரத் தொடங்கியது. பின்னாலேயே வவுனியாவிலிருந்து ஒருவரும் வந்தார். "அண்ணை, இதைப் பதியாட்டி நாளைக்கு எல்லாப் பட்டறையிலும் இதுதான் நிற்கும். கொழும்பு வேலை முழுக்க நான் பார்க்கிறன்" என்று 45,000 ரூபா வாங்கினார். அவர் சொன்னதில் அந்த முதல் வசனம் மட்டும் உண்மை.

கொஞ்ச நாளில் முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. பிரேம் போட்டு மாட்டினோம். பிறகு கிளிநொச்சியில் ஒரு பட்டறை அச்சொட்டாக எங்கள் கேற்றையே விற்பது தெரிந்து, சான்றிதழைக் கழற்றிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனோம். "தம்பி, இது உங்கட வியாபாரப் பெயர்ப் பதிவு. கேற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை" என்றார். பிரதேச செயலகத்துக்கு நாங்களே போய் எடுத்திருக்கக்கூடிய பேப்பர்!

டிசைனைப் பதிவது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருடப் பாதுகாப்பு. இரண்டு தடவை புதுப்பித்தால் 15 வருடம். கைப்பணிப் பொருளுக்கும் உண்டு, பனையோலை வேலை செய்கிற அக்காமாரும் கவனியுங்கள். ஆனால் டிசைன் புதிதாக இருக்க வேண்டும். உலகில் எங்காவது முன்பே வெளியே வந்திருந்தால் சரிவராது. ஆனாலும் உரியவரே வெளியிட்டிருந்தால், அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க இடமுண்டு. எங்கள் படம் முகநூலில் ஏறி அந்தக் காலமும் தாண்டிவிட்டது. காசு போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல். டிசைன் பதிவைக் காட்டிக் கிளிநொச்சிக்காரரை இனி ஒன்றும் கேட்க முடியாது.

காசு வாங்கின ஆளுக்குப் போன் எடுத்தால் முதலில் "அதுவும் பதிவுதானே அண்ணை" என்றார். இப்போது போனே வேலை செய்யவில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். காசுக்கு அவர் துண்டு தராததால் இழுபடுகிறது.

மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் சுற்றுகிறார் என்று கேள்வி. வந்தால், புலமைச் சொத்து அலுவலகம் கொடுத்த விண்ணப்ப இலக்கத்தையும், உங்கள் பெயரும் டிசைன் படமும் உள்ள விண்ணப்பப் பிரதியையும் கேளுங்கள். அது கைக்கு வராமல் காசு கொடுக்க வேண்டாம். இலங்கையில் இருப்பவர் ஏஜென்ட் இல்லாமல் தானே விண்ணப்பிக்கலாம்.