பால் கொடுக்கக் கற்க: வீடியோவா, செவிலியரா, பாட்டியா?

முதல் பிரசவம் முடிந்த பெண்ணுக்குச் சொல்லித்தர இன்று ஆள் பஞ்சமில்லை. யார் சொல்வதை எப்போது கேட்பது என்பதில்தான் குழப்பம்.

வீடியோவில் நான் முதலில் பரிந்துரைப்பது ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் வரிசை. தமிழிலேயே கிடைக்கிறது. பிடிக்கும் முறையை அவசரமில்லாமல் படிப்படியாகச் சொல்கிறது. வலது மார்பில் கொடுக்கும்போது குழந்தையை இடது கையால் தாங்க வேண்டும். கட்டைவிரல் ஒரு காதுக்குப் பின்னால், மற்ற விரல்கள் மறு காதுக்குப் பின்னால். வலது கையால் மார்பைக் குழந்தையின் உதட்டுக்கு இணையாக, பன்னைக் கடிக்கப் பிடிப்பது போல, லேசாக அமுக்கிப் பிடிக்க வேண்டும். வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, தாடை முதலில் மார்பில் படும்படி அணைக்க வேண்டும். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் புண்ணாகும், பாலும் சரியாக வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் உள்ளே போயிருக்க வேண்டும்.

குளோபல் ஹெல்த் மீடியா என்ற அமைப்பின் வீடியோக்களுக்குப் பலம் வேறு. நிஜத் தாய், நிஜக் குழந்தை. தாடை கீழே இறங்கி, ஒரு கணம் நின்று, விழுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சும்மா சப்புவதற்கும் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் பிடிபடும்.

ஆனால் எந்த வீடியோவும் உங்கள் குழந்தையைப் பார்ப்பதில்லை. அங்கேதான் செவிலியர் ஜெயிக்கிறார். சிசேரியன் தையல் வலிக்கிறதா, படுத்துக்கொண்டே கொடுக்க வைப்பார். கோணம் தவறினால் அந்த நிமிடமே கையால் திருத்துவார். கூட்டமான வார்டில் அவருக்கு நேரமிருக்காது, உண்மைதான். இருந்தாலும், “சிஸ்டர், ஒரு தடவை மட்டும் பக்கத்துல நின்னு பாருங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கிராம சுகாதார செவிலியரிடமும் அப்படியே கேட்கலாம்.

பாட்டியின் துணைக்கு ஈடில்லை. நடுராத்திரி எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பது யார்? ஆனால் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், 6 மாதம்வரை அது மட்டுமே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். குழந்தை அழுதாலே “பால் பத்தல” என்று பவுடர் டப்பாவைத் தேட வேண்டாம். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ரீல்ஸ். பால் சுரக்கப் பொடி விற்கும் எதையும் நம்பாதீர்கள். பவுடர் பாலையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்வதற்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் தடையே இருக்கிறது.

என் தேர்வு இதுதான்: எட்டாம் மாதத்திலேயே வீடியோ, அதுவும் கணவரையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து. பிரசவத்துக்குப் பின் முதல் வாரம் முழுக்கச் செவிலியர் சொல்வதே முதல் சொல். காம்பு வெடித்தாலோ, மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ போனில் தேடிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.