தலசீமியா: ரத்தம் ஏற்றியே சமாளிப்பதா, மஜ்ஜையை மாற்றுவதா?

குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (மரபணுப் பழுதால் உடம்பு போதிய நல்ல ரத்தத்தை உண்டாக்க முடியாத நோய்) என்று தெரிந்த வீட்டில், ஸ்டெம் செல் (மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்) என்ற சொல் காதில் விழுந்ததுமே ஒரு தெம்பு வரும். இந்த நோயைப் பொறுத்தவரை அது வெற்று விளம்பரமும் இல்லை. இன்னொருவரின் அந்தச் செல்களை ஏற்றும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தொடங்கிவிட்டது.

முதலில் பழைய வழி. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. இதில் சிக்கல் ரத்தத்தோடு வரும் இரும்பு. ஒரு யூனிட்டில் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கும். அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. இதயத்திலும் கல்லீரலிலும் போய்ப் படியும். முன்பெல்லாம் அதை இறக்க இரவு முழுக்கத் தோலுக்கடியில் ஊசி குத்தி பம்ப் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். இப்போது டெஃபெராசிராக்ஸ் மாத்திரை வந்துவிட்டது. ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். ஆக, இதை வேறு வழியில்லாதவர்களின் வழி என்று ஒதுக்கிவிட முடியாது.

மஜ்ஜை மாற்று பலித்தால் நோயே போய்விடும். ஆனால் கூடப் பிறந்தவரின் ஹெச்எல்ஏ (செல்லின் மேலுள்ள அடையாளக் குறி) பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பொருந்தினாலும், கடுமையான மருந்தால் பழைய மஜ்ஜையை அழித்த பிறகே புதியது ஏறும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியும் எமனாகலாம். வந்த செல்கள் உடம்பையே தாக்குவதும் உண்டு. பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனும் போகலாம். சின்ன வயது, இரும்பால் கெடாத கல்லீரல், பொருந்திய அண்ணனோ தங்கையோ: இந்த மூன்றும் இருந்தால் பலன் மிக நன்றாக இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாற்றுதான் என் தேர்வு. பொருத்தமானவர் கிடைக்காமல் பாதிப் பொருத்தத்துக்கு அவசரப்படுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இடையில், ஸ்டெம் செல் இருக்கிறது என்று தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒரு விற்பனை நடக்கும். நோயுள்ள குழந்தையின் தொப்புள்கொடியிலும் அதே பழுதான மரபணுதானே இருக்கும்? அது அந்தக் குழந்தைக்கே உதவாது. அப்புறம் பிறக்கும் தம்பி, தங்கையுடையது பொருந்தினால் கதை வேறு.

மரபணுவைத் திருத்தி நோயாளியின் செல்லையே திரும்பச் செலுத்தும் காஸ்கெவி என்ற சிகிச்சை, 2024 ஜனவரியில் அமெரிக்காவில் தலசீமியாவுக்கு அனுமதி பெற்றது. கொடையாளரைத் தேட வேண்டாம். ஆனால் மஜ்ஜையை அழிக்கும் மருந்து இதற்கும் உண்டு. அங்கே விலை 22 லட்சம் டாலர். நம் வீட்டுக் கணக்கில் அது இப்போதைக்கு வராது.

மஜ்ஜை மாற்றுக்கு கோல் இந்தியா நிறுவனத்தின் திட்டத்தில் ரூ.10 லட்சம் வரை உதவி கிடைக்கிறது. ஆகவே பணத்தை நினைத்து ஹெச்எல்ஏ பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு வரும்வரை இரும்பை இறக்கும் மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். மாற்றுக்குப் போகும்போது டாக்டர் முதலில் பார்ப்பது அந்தக் கல்லீரலைத்தான்.