எருசலேமுக்கு வருவதா, இருந்த இடத்திலேயே தொழுவதா?

எல்லா ஜாதிகளும், அதாவது எல்லா தேசத்தாரும், கர்த்தரைத் தொழும் நாளை வேதாகமத்தின் தீர்க்கதரிசிகள் இரு விதமாகக் காட்டுகிறார்கள்.

ஏசாயா 2, மீகா 4, சகரியா 14 ஆகிய அதிகாரங்களில் ஜனங்கள் எருசலேமை நோக்கி வருகிறார்கள். ஏசாயாவிலும் மீகாவிலும் பட்டயங்கள் மண்வெட்டிகளாகின்றன. சகரியாவிலோ, அந்த நகரத்தின்மேல் படையெடுத்தவர்களில் மீந்தவர்களே ஆண்டுதோறும் இஸ்ரவேலரின் கூடாரப்பண்டிகைக்கு வருகிறார்கள். பகைவரே யாத்திரிகராவது எவ்வளவு பெரிய இரக்கம்!

செப்பனியா 2:11 காட்டுவது வேறு: அவரவர் தங்கள் இடத்திலிருந்தே பணிந்துகொள்வார்கள். மல்கியா 1:11-உம் இதே பக்கம்தான்.

ஆனால் எல்லாவற்றிலும் துணிச்சலானது ஏசாயா 19. எகிப்தின் நடுவிலேயே கர்த்தருக்குப் பலிபீடம் எழும்புகிறது. இஸ்ரவேலை அடிமையாக்கிய எகிப்தை அவர் தம் ஜனம் என்கிறார். கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை வீழ்த்திய அசீரியாவைத் தம் கரத்தின் கிரியை என்கிறார். இஸ்ரவேலின் காதில் இது எப்படி ஒலித்திருக்கும்!

எந்த தேசமும் தூரமல்ல என்று சொல்வதால் இருந்த இடத்திலேயே தொழும் இரண்டாவது காட்சியே என் மனதுக்கு நெருக்கம். ஆனாலும் தனித்தனியே தொழுகிறவர்கள் பகையைக் கைவிட, ஒருவரையொருவர் சந்தித்தாக வேண்டும். அதை முதல் காட்சிதான் தருகிறது. ஏசாயா 19:23-இல் இரண்டும் சேர்கின்றன: எகிப்துக்கும் அசீரியாவுக்கும் இடையே பெரும்பாதை திறக்கிறது, இரு தேசத்தாரும் கூடி ஆராதிக்கிறார்கள்.